கேட்காத சம்மதம்

கல்யாணம் நிச்சயமான பிள்ளைகளுக்கு எங்கள் கோவிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் ஒரு வகுப்பு வைப்பார்கள். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அதில் பேச என்னையும் கூப்பிடுகிறார்கள். போன மாதம் ஒரு பெண் எழுந்து பர்மியத்தில் கேட்டாள்: "மாப்பிள்ளை பார்த்தது அப்பா. தேதி வைத்தது அம்மா. பந்திக்குக்கூடச் சொல்லியாச்சு. அப்புறம் எதுக்கு சயாமா, சாமியார் பீடத்துக்கு முன்னாடி நிறுத்தி வைத்து 'மனச்சம்மதத்தோடதான் வந்திருக்கியா'ன்னு கேட்கிறார்? அங்கே போய் இல்லைன்னா சொல்லப் போறேன்?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். மணியடித்துவிட்டதால் ஏதோ இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பினேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்விக்குள்தான் என் வேலைக்காலம் முழுவதும் இருந்தது. அவளுக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் பிலோமினா. ரங்கூனில் பிறந்து வளர்ந்தவள். வெளியே எல்லோருக்கும் டோ கின் மே. அலுவலகத்தில் சயாமா, அதாவது படித்த பெண்களுக்கு இங்கே கொடுக்கும் மரியாதைப் பெயர். எண்பத்தெட்டில் ராணுவ ஆட்சியை எதிர்த்து வந்த கலவரம் அடங்கிய கையோடு, நான் தட்டச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்த மர வியாபாரக் கம்பெனி மூடப்பட்டது. பிஷப்பான மேற்றிராணியாரின் இல்லத்தில் தமிழ், பர்மியம், ஆங்கிலம் மூன்றும் எழுதத் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். போனேன். கோவில் கணக்கெழுதும் வேலை என்றுதான் நினைத்தேன். அது திருச்சபையின் திருமண நீதிமன்றம் என்பதும், அப்படி ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதும் உள்ளே உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

நீதிமன்றம் என்றதும் கூண்டையும் கறுப்பு அங்கியையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மாடியில் ஓர் அறை, தேக்கு மேசை, கரண்ட் இருந்தால் சுற்றும் விசிறி. கத்தோலிக்கர்களுக்கு விவாகரத்து கிடையாது. ஆனால் அன்று பீடத்தின் முன் நடந்தது உண்மையிலேயே திருமணம்தானா என்று யாராவது கேட்டால், அதை விசாரித்துச் சொல்லும் இடம் இது. நீதிபதியும் சாமியார்தான். அவர் பக்கத்தில் இன்னொரு சாமியார் உட்காருவார். அவருக்குப் பந்தக் காவலர் என்று பெயர். திருமணத்துக்கு வாய் கிடையாது என்பதால் அதன் சார்பில் பேசுவது அவர் வேலை. மூன்றாவது ஆள் எழுத்தர், நான். பேசுவதை அப்படியே எழுதி, எழுதியதைப் பேசியவருக்கே வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்க வேண்டும். இரகசியம் காப்பதாக நற்செய்திப் புத்தகத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்துதான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். கீழே சொல்லப்போகும் வழக்கை எழுதலாமா என்று சம்பந்தப்பட்ட பெண்ணிடமே கேட்டேன். "பேரை மாத்திட்டு எழுதுங்க சயாமா. கல்யாணத்துக்கு நிக்கிற பிள்ளைங்க படிக்கட்டும்" என்றாள். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

வேலை பழகிய வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. திருத்தி எழுதினேன், திட்டு வாங்கினேன், லத்தீன் தலைப்புகளை எழுத்துக்கூட்டிப் படித்தேன். பழக்கிவிட்டவர் நீதிபதியான இன்னாசி சாமி.

உயரமான மனுஷர். ரோமாபுரியில் சட்டம் படித்தவர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. சாட்சி உட்காரும்வரை தான் உட்கார மாட்டார். விசாரணை தொடங்கும்முன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசை டிராயருக்குள் வைத்துவிடுவார். எதிரில் இருப்பவர் கண்ணில் அது படக் கூடாது என்பார். வெறுந்தேநீரைத் தன் கையாலேயே ஊற்றிக் கொடுப்பார். யாராவது அழுதால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அழுது முடித்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே இருப்பார். அந்த மௌனத்தில்தான் பல பேர் உண்மையைச் சொன்னார்கள்.

எங்கள் விசாரணையில் கேட்டே ஆக வேண்டிய கேள்விகளைத் தமிழில் கேட்பது லேசான காரியமில்லை. பழைய புத்தகங்களில் உள்ள சமஸ்கிருதச் சொல் யாருக்கும் விளங்காது. தெருவில் உள்ள சொல்லை அந்த அறையில் சொல்ல முடியாது. சாமி மட்டும், "நீங்க ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டியா ஒண்ணு சேர்ந்தீங்களா?" என்று, "உங்க தகப்பனார் பேர் என்ன?" என்று கேட்கும் அதே குரலில் கேட்பார். வெட்கப்பட்டுக்கொண்டு வந்தவர்கள்கூட அந்தக் குரலுக்கு நிமிர்ந்து பதில் சொல்வார்கள். நான் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருப்பேன், காது சூடாகிவிடும். போகப் போகச் சூடாவது நின்றுபோனது.

சாட்சிகள் வரத் தாமதமானால் சாமி கதை சொல்வார். ஐரோப்பாவின் கதை. ஒரு முறை நான்தான் ஆரம்பித்து வைத்தேன். "சாமி, வெள்ளைக்காரங்க நெனச்சா கட்டிக்குவாங்க, நெனச்சா விட்டுடுவாங்கன்னு சொல்றாங்களே?"

அவர் சிரித்தார். "பிலோமினாம்மா, அங்கேயும் ஒரு காலத்துல அப்பன் கையில இருந்து மாப்பிள்ளை கைக்கு மாத்திக் குடுக்கிறதுதான் கல்யாணம். பொண்ணு பொருள் மாதிரி. எண்ணூறு தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன்னாடி பண்டிதர்களுக்குள்ள ஒரு சண்டை வந்துச்சு. கல்யாணத்தைக் கல்யாணமா ஆக்குறது எது? அப்பன் குடுக்கிறதா? படுக்கையா? இல்ல, ரெண்டு பேரும் சொல்ற வார்த்தையா?"

இத்தாலியில் இருந்த பண்டிதர்கள் சிலர் படுக்கையும் சேர்ந்தால்தான் முழுத் திருமணம் என்றார்களாம். பாரிஸ்காரர்கள், அப்படியானால் இயேசுவை வளர்த்த மாதாவும் சூசையப்பரும் யார் என்று திருப்பிக் கேட்டார்களாம். அவர்கள் கணவன் மனைவியாகச் சேர்ந்ததே இல்லையே, அது திருமணம் இல்லை என்று எவனாவது சொல்வானா என்று. கடைசியில் பாப்பரசர் முடிவு சொன்னார். திருமணத்தை உண்டாக்குவது இருவர் வாயிலிருந்து வரும் சம்மதம். படுக்கை அதை இனி யாராலும் அவிழ்க்க முடியாதபடி முத்திரை போடுகிறது. அப்பன் இதில் எங்கேயும் இல்லை. ராஜா இல்லை. சாமியார்கூட இல்லை.

"சாமியார் இல்லாமலா?" என்றேன்.

"அப்பல்லாம் அப்படித்தான். அடுப்படியில, மரத்தடியில, சத்திரத்துல. 'உன்னை எடுத்துக்கிறேன்'னு அவன் சொல்லி, அவளும் சொன்னா முடிஞ்சுது. அதுல ஒரு வேடிக்கை பாருங்க. 'எடுத்துக்கிறேன்'னா கல்யாணம். 'எடுத்துக்குவேன்'னா வெறும் நிச்சயம். காலம் மாறினா வாழ்க்கையே மாறிப்போகும். கோர்ட்டு கோர்ட்டா இந்த வழக்குதான். அவன் 'குவேன்'னுதான் சொன்னேன்னு சாதிப்பான். அவ 'கிறேன்'னான்னு அழுவா. அந்தக் குழப்பம் தாங்காமதான் பின்னால திருச்சபையோட ஒரு சங்கம் கூடி, சாமியாரும் ரெண்டு சாட்சியும் இருக்கணும்னு வெச்சாங்க. அப்ப பிரான்ஸ் ராஜாவோட ஆளுங்க, தாய் தகப்பன் சம்மதமும் வேணும்னு சட்டம் போடுங்கன்னு மல்லுக்கட்டினாங்க. சங்கம் போடல. பிள்ளைங்க சம்மதம் மட்டும் போதும்னு நின்னுடுச்சு."

நான் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டேன். பத்தொன்பது வயதில் என்னைப் பீடத்துக்கு முன் நிறுத்தியபோது நானும் "சம்மதம்" என்று சொன்னவள்தான். அதைப் பூச்சரம் மாதிரி, பெட்ரோமாக்ஸ் விளக்கு மாதிரி, கல்யாணத்தின் ஜோடனைகளில் ஒன்றாகத்தான் நினைத்திருந்தேன். உண்மையான கல்யாணம் அதற்கு முன்பே எங்கள் வீட்டு முன்னறையில் பெரியவர்களுக்குள் முடிந்துவிட்டது என்று நம்பியிருந்தேன். இவர் சொல்வதைப் பார்த்தால், என் வாயிலிருந்து அந்த ஒரு சொல் வராமல் இருந்திருந்தால் மேற்றிராணியாரே வந்து மந்திரித்திருந்தாலும் அது கல்யாணம் இல்லை. இன்னொன்றும் சொன்னார். படுக்கையில் கணவனுக்கு என்ன உரிமையோ அதே உரிமை மனைவிக்கும் உண்டென்று அந்தக் காலத்துச் சட்டமே சொல்லியதாம். வீட்டில் எஜமான் அவன். அந்த ஒரு இடத்தில் மட்டும் இருவரும் சமம்.

"ரொம்பப் பெருமைப்படாதீங்க," என்றார் சாமி, என் முகத்தைப் பார்த்துவிட்டு. "இதே சட்டம்தான் எத்தனையோ பொம்பளைங்கள வெளிய வர முடியாமக் கட்டிப் போட்டுச்சு. நல்லது எழுதின கைதான் அதையும் எழுதினது."

அன்று ஊரைச் சுற்றி ஓடும் வட்ட ரயிலில் வீட்டுக்குப் போகும்போது என் கணவரிடம் கேட்டேன். "என்னைக் கட்டிக்க உங்களுக்குச் சம்மதமான்னு யாராச்சும் கேட்டாங்களா?"

"என்னையா? எங்கம்மா கோட்டுத் துணியோட டெய்லரை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாங்க. அளவு எடுக்கிறப்பதான் எனக்குக் கல்யாணம்னே தெரியும்" என்றார். பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த பர்மியப் பெண் ஏன் இந்தக் கிழடுகள் இப்படிச் சிரிக்கின்றன என்று பார்த்தாள்.

லூர்து மேரி வந்தது அதற்குச் சில வருஷங்களுக்குப் பிறகு. மிங்கலாடோன் பக்கம் துணித் தொழிற்சாலையில் தையல் வேலை. முப்பதை நெருங்கும் வயது. கன்னத்தில் தனகா மரப்பட்டைச் சாந்து பூசி, வெளுத்த லோஞ்சி கட்டி வந்து நின்றாள். குரலே வெளியே வரவில்லை. சொன்னதையே திரும்பச் சொல்லச் சொல்லி எழுத வேண்டியிருந்தது.

அவள் அப்பா சவரிமுத்து இன்சீன் ரயில்வே பட்டறையில் பிட்டர். லூர்துவுக்கு விவரம் தெரியும் முன்பே தாய் இறந்துவிட்டாள். அவரே சமைத்து, அவரே தலை பின்னிவிட்டு வளர்த்தவர். எண்பத்தெட்டில் அவள் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள். கலவரம் வந்தது, பல்கலைக்கழகத்தை மூடினார்கள். தெருவெல்லாம் பட்டாளம் நின்ற அந்த நாளில் பெண் பிள்ளைகளை வைத்திருந்த வீடுகளில் என்ன பயம் இருந்தது என்று எங்களுக்கெல்லாம் தெரியும். எத்தனையோ வீடுகளில் அவசர அவசரமாகக் கல்யாணம் நடந்தது. சவரிமுத்து தாகேதாவில் வயர்மேன் வேலை பார்த்த ஆரோக்கியம் என்ற பையனின் வீட்டில் வாக்குக் கொடுத்துவிட்டு வந்து, மகளிடம் தேதியைச் சொன்னார். ஆரோக்கியத்தோடு தாகேதாவில் சில மாதங்கள் இருந்தாள். பிறகு மிங்கலாடோனில் இருந்த சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். அப்பா அன்றிலிருந்து அவளோடு பேசவில்லை.

"வேற யாரையாவது கட்டிக்க நெனச்சிருக்கியாம்மா?" என்று சாமி கேட்டார். எங்களிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் அதற்காகத்தான் வருவார்கள்.

"இல்ல சாமி. எனக்கு ஒண்ணும் வேணாம். அவரு பாவம். என்னால அவரும் வேற கட்டிக்க முடியாம கெடக்கிறாரு."

"அடிச்சானா? குடிச்சானா?"

"ஐயோ, இல்ல சாமி. தங்கமான மனுஷன்."

பிறகு அந்தக் கேள்வி வந்தது. ஒன்று சேர்ந்தீர்களா என்று. அவள் தலையாட்டினாள். தலையாட்டுவதை நான் எழுத முடியாது, சொல்ல வேண்டும். "இல்ல சாமி. ஒரு நாளும் இல்ல."

இன்னாசி சாமி பேனாவை மூடினார். வழி சுலபமாகிவிட்டது என்று எனக்கே தெரிந்தது. முத்திரை விழாத திருமணத்தை அவிழ்த்துவிடப் பாப்பரசருக்கு அதிகாரம் உண்டு. ரோமுக்கு எழுதினால் போதும். சாமி அதை அவளுக்குப் பொறுமையாக விளக்கினார். கஷ்டமான சாட்சியம் எதுவும் தேவைப்படாது, உன் அப்பாவைக்கூடக் கூப்பிட வேண்டியிருக்காது என்றார்.

அவள் கேட்டாள்: "அப்படின்னா, அன்னிக்கு நடந்தது கல்யாணந்தான், இப்ப அவுத்து விடுறோம்னு எழுதுவாங்களா சாமி?"

"ஆமாம்மா."

"அப்ப வேணாம் சாமி. அவுக்க வேணாம். கட்டவே இல்லன்னு சொல்லுங்க. நான் அன்னிக்கு மனசார ஆமான்னு சொல்லல. கோவில்ல அத்தனை பேர் காதுலயும் விழுந்துச்சு, ஆனா நான் சொல்லல. அது நெசந்தான்னு ஒருத்தராவது சொல்லணும்."

சாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் அழவில்லை.

அவள் போன பிறகு என்னிடம் சொன்னார். "இவ்வளவு வருஷத்துல படுக்கையா வார்த்தையாங்கிற வழக்கை யாரும் எங்கிட்ட இப்படி வைக்கல. இந்தப் பொண்ணு பண்டிதர் சண்டையெல்லாம் கேட்டதே இல்ல, பாருங்க."

வழக்கு கஷ்டமானது. பலவந்தத்தாலோ பயத்தாலோ சொன்ன சம்மதம் செல்லாது என்று சட்டம் சொல்கிறது. ஆனால் இங்கே யாரும் அடிக்கவில்லை, பூட்டி வைக்கவில்லை, மிரட்டவில்லை. இருந்தது வேறொரு பயம். அதற்கும் லத்தீனில் ஒரு பெயர் உண்டு. நாங்கள் அதை 'மரியாதைப் பயம்' என்று எழுதினோம். பெற்றவர் மனம் நோகுமே, முகம் திருப்பிக்கொள்வாரே என்று பிள்ளைக்கு வரும் பயம். அது மட்டும் போதாது. அது அவள் மனத்தை முழுசாக அமுக்கிவிட்டது என்று நிரூபிக்க வேண்டும். அந்தப் பக்கத்தைச் சாமி மொழிபெயர்க்கச் சொன்னபோது நான் அசந்து போனேன். எங்கோ கடல் கடந்து, குளிர் தேசத்தில், பெண்டாட்டி பிள்ளை இல்லாத துறவிகள் உட்கார்ந்து எழுதிய சட்டம். இன்சீனில் ஒரு தமிழ்ப் பெண் அப்பா முன்னால் ஏன் வாய் திறக்கவில்லை என்பது அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? எங்கள் வீடுகளில் இதற்கு ஒரு பெயர்கூட இல்லை. நல்ல பிள்ளை என்போம், அவ்வளவுதான்.

சவரிமுத்துவுக்கு அழைப்பு அனுப்பினோம். வரமாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். வந்தார். கஞ்சி போட்ட சட்டை, நெஞ்சை நிமிர்த்திய நடை. "ஸ்தோத்திரம் சாமி" என்று கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். சத்தியம் செய்துவிட்டு, யாரும் கேட்கும் முன்பே ஆரம்பித்தார்.

"இந்தக் கல்யாணம் செல்லும் சாமி. நான் பார்த்து முடிச்சது. கோவில்ல கல்யாண ஓலை வாசிச்சு, ஊரறிய நடந்தது."

"மகளை அடிச்சதுண்டா?"

"எம் மவளையா? ஒரு நாள் கை ஓங்கினதில்ல. அதுக்குத் தேவையே வரல சாமி. நான் ஒரு பார்வை பார்த்தா போதும்."

அதைப் பெருமையாகச் சொன்னார். நான் எழுதினேன்.

"மாப்பிள்ளையைப் பத்தி அவகிட்டக் கேட்டீங்களா?"

"எதுக்குக் கேக்கணும்? சொன்னேன்."

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. படிப்பு முடியட்டும்னு இழுத்தா. நான் தட்டைத் தள்ளி வெச்சுட்டேன். ரெண்டு மூணு வேளை அவ கையால சாப்பிடல, அவகூடப் பேசல. அப்புறம் அவளே வந்து, சரிப்பான்னா. நல்ல பிள்ளை சாமி."

பந்தக் காவலரான மத்தேயு சாமி கரேன் இனத்தவர். பர்மியத்தில்தான் கேட்பார். திருமணத்தின் பக்கம் நின்று பேச வேண்டியவர் என்பதால் கவனமாகக் கேட்டார்: "அப்படியானால் கடைசியில் அவள் தானே வந்து சம்மதித்தாள், இல்லையா?"

"ஆமா சாமி. தானாத்தான் வந்தா."

இன்னாசி சாமி இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினார். "ஒருவேளை, முடியாதுப்பான்னு சொல்லியிருந்தா?"

"சொல்ல மாட்டா."

"சொல்லியிருந்தா?"

விசிறி நின்றுபோயிருந்தது. தெருவில் லைன் கார் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு ஒருவன் ஊர்ப் பெயர்களைக் கூவும் சத்தம் மட்டும் கேட்டது. சவரிமுத்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்புறம் நான் அந்த வீட்டுல இருந்திருக்க மாட்டேன் சாமி. கிளம்பிப் போயிருப்பேன். அது அவளுக்குத் தெரியும். தாயில்லாப் பிள்ளை. அவளுக்கு நான் ஒருத்தன்தான்."

விதிப்படி எழுதியது முழுவதையும் வாசித்துக் காட்ட வேண்டும். வாசித்தேன். அவர் சொன்னதையே, அவர் சொன்ன மாதிரியே, ஒரு பெண் குரலில் அவர் கேட்டார். 'எதுக்குக் கேக்கணும்? சொன்னேன்.' 'ஒரு பார்வை பார்த்தா போதும்.' 'நான் தட்டைத் தள்ளி வெச்சுட்டேன்.' ஒவ்வொரு வரிக்கும் அந்த நிமிர்ந்த நெஞ்சு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. 'அவளுக்கு நான் ஒருத்தன்தான்' என்ற இடத்தில் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"ஏதாவது மாத்தணுமா?" என்று சாமி கேட்டார். "மாத்தலாம். உங்களுக்கு உரிமை இருக்கு."

"இதுல கையெழுத்துப் போட்டா அந்தக் கல்யாணம் நிக்காது, இல்லையா சாமி?"

"அதை இப்ப நான் சொல்லக் கூடாது."

"நிக்காது. எனக்குப் புரியுது." பேனாவை என் கையிலிருந்து வாங்கினார். "ஆனா எழுதினது சரிதான்." போட்டார். கல்யாணத்தைக் காப்பாற்ற வந்த மனுஷன். யாருக்காக அந்தக் கையெழுத்தைப் போட்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உண்மைக்காகவா, மகளுக்காகவா. அவருக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்.

ஆரோக்கியம் அடுத்த வாரம் வந்தான். அவன் வேறு மாதிரி. வந்ததும் சொன்னான். "சாமி, எனக்கு இந்த விடுதலை வேணாம். எத்தனை வருஷம் ஆனாலும் காத்திருப்பேன்." அவன் ஒரு பொய் சொன்னால் போதும், வழக்கு முடிந்துவிடும். கல்யாணத்தன்று அவள் சந்தோஷமாக இருந்தாள், சிரித்தாள் என்று சொன்னால் மறுத்துச் சொல்ல வெளிச் சாட்சி எதுவும் இல்லை.

"கல்யாணத்தன்னிக்கு அவ எப்படி இருந்தா?" என்று சாமி கேட்டார்.

அவன் தரையைப் பார்த்துச் சொன்னான். "மோதிரம் போடுறப்ப விரலை மடக்கிக்கிட்டா சாமி. யாருக்கும் தெரியல. நான் மெதுவா நிமித்திப் போட்டேன். அப்பவே தெரிஞ்சுது. அங்கயே நிறுத்தியிருக்கணும்."

"அதுக்கப்புறம்?"

"உனக்கு எப்பத் தோணுதோ அப்பச் சொல்லு, அதுவரைக்கும் நான் பக்கத்துல வரமாட்டேன்னு சொன்னேன். சோறு பொங்கினா, துணி துவைச்சா, கேட்டதுக்குப் பதில் சொன்னா. ஆனா அவ அங்க இல்ல சாமி. ஒரு நாள், சித்தி வீட்டுக்குக் கொண்டுபோய் விடுறீங்களான்னு கேட்டா. எங்கிட்ட அவ கேட்டது அது ஒண்ணுதான். பெட்டியைத் தூக்கிட்டுப் போய் நானே விட்டுட்டு வந்தேன்."

"இதையெல்லாம் சொன்னா வழக்கு எந்தப் பக்கம் போகும்னு தெரியுமா?"

"தெரியும். நீங்க கேட்டீங்க. பொய் சொல்ல வரல."

அவனுக்கு வாசித்துக் காட்டும்போது மோதிர வரியில் நின்று, திரும்பவும் வாசித்தேன். சாமி எனக்கு ஒரு கோப்பை தேநீர் ஊற்றினார். அத்தனை வருஷத்தில் பணக்காரர், படித்தவர், நாள்தோறும் பூசை காண்பவர் என்று எத்தனையோ பேர் அந்த நற்செய்திப் புத்தகத்தின் மேல் கைவைத்துவிட்டுத் தங்களுக்கு வேண்டியதைச் சொல்லிப் போனதைப் பார்த்திருக்கிறேன். இந்த இரண்டு ஆண்களும் தங்களுக்கு வேண்டாததைச் சொன்னார்கள்.

மத்தேயு சாமி திருமணத்துக்காக நன்றாகவே வாதாடினார். அவள் தானே வந்து சரி என்றாளே, பீடத்தின் முன் தெளிவாகச் சொன்னாளே, சில மாதம் குடித்தனம் செய்தாளே என்று எழுதினார். இன்னாசி சாமி தீர்ப்பைப் பல நாள் எழுதினார். தீர்ப்பு: சம்மதம் இல்லை, ஆகவே திருமணமும் இல்லை. அப்போதைய விதிப்படி வேறொரு மேற்றிராணியாரின் கீழுள்ள நீதிமன்றமும் அதை ஒத்துக்கொள்ள வேண்டும். வழக்குக் கட்டு ரயிலில் போனது. அங்கேயும் உறுதியாகித் திரும்பி வருவதற்குள் ஒரு மழைக்காலம் போய்விட்டது.

பின்னால் நடந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆரோக்கியம் சில வருஷம் கழித்துத் தன் தெருவிலேயே ஒரு விதவையைக் கட்டிக்கொண்டான். அந்தக் கல்யாணத்துக்கு லூர்து போய், பந்தியில் நின்று பரிமாறினாளாம். லூர்து கட்டிக்கொள்ளவில்லை. பாதியில் நின்ற படிப்பைத் தொலைக்கல்வியில் முடித்து, இப்போது பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். அப்பா கடைசிவரை அவளோடுதான் இருந்தார். இன்னாசி சாமி நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம் காலமானார். இதையெல்லாம் இப்போதே சொல்லக் காரணம், தீர்ப்பு கொடுத்த அந்தக் காலையோடு இதை முடிக்க வேண்டும் என்பதுதான்.

அன்று லூர்துவும் ஆரோக்கியமும் தனித்தனியாக வந்து தீர்ப்பை வாங்கிக்கொண்டார்கள். அவளோடு சவரிமுத்துவும் வந்திருந்தார். வெளித் தாழ்வாரத்து பெஞ்சில் அப்பாவும் மகளும் இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தார்கள். பேசிக்கொள்ளவில்லை. ஆனால் சேர்ந்துதான் வந்திருந்தார்கள். நான் கதவைப் பூட்டுவதற்காக வெளியே வந்தேன். ஆரோக்கியம் படியிறங்கப் போனவன் நின்று, திரும்பி, அவள் முன்னால் வந்தான்.

"லூர்து," என்றான். "சாமி சொல்லிட்டாரு. இப்ப நீ யாரோ, நான் யாரோ. உன்னை யாரும் கேக்கலன்னுதானே சொன்ன? நானும் அன்னிக்குக் கேக்கல. இப்பக் கேக்குறேன். என்னைக் கட்டிக்கச் சம்மதமா?"

சாவியோடு அப்படியே நின்றுவிட்டேன். சவரிமுத்துவும் தலை நிமிர்ந்தார். அந்தத் தாழ்வாரத்தில் யாருக்கும் அவளுக்காகப் பதில் சொல்லும் அதிகாரம் இல்லை. எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ யாரோடோ சண்டை போட்டு ஜெயித்தது இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் என்று எனக்குத் தோன்றியது. அவள் ஆமென்று சொல்லிவிட வேண்டும் என்று உள்ளுக்குள் நான் வேண்டிக்கொண்டதையும் மறைக்கவில்லை. அவ்வளவு நல்லவன்.

லூர்து எழுந்தாள். அவனை நேராகப் பார்த்தாள்.

"இல்லங்க," என்றாள். "சம்மதம் இல்ல."

கீழே முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த ஆள் நிமிர்ந்து பார்க்கும் அளவுக்குக் கேட்டது. ஆரோக்கியத்தின் கண் கலங்கியது. ஆனால் அவன் முகத்தில் வருத்தத்தோடு வேறு ஏதோவும் இருந்தது. இத்தனை வருஷமாக மூடியிருந்த கதவுக்குப் பின்னால் ஆள் இருப்பது தெரிந்துவிட்ட மாதிரி. "சரிம்மா" என்றான். அவளும் "சரிங்க" என்றாள். அவன் இறங்கிப் போனான்.

லூர்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, பையை எடுத்து நடக்க ஆரம்பித்தாள். சவரிமுத்து எழுந்திருக்கவில்லை. நான் பக்கத்தில் போனேன், உடம்புக்கு முடியவில்லையோ என்று. அவர் மகள் போகும் திசையையே பார்த்துக்கொண்டு, பூசையில் குரலைத் தாழ்த்துவதுபோலத் தாழ்த்திக் கேட்டார்:

"சயாமா, எம் மவ குரலு இப்படியா இருக்கும்?"